ஞாயிறு மூன்று மணிக்குச் சாகிறவர்

அவர் பேரை நான் முதன்முதலாகக் கேட்டது என் கல்யாணம் நிச்சயமான வாரத்தில். பேர் என்றால் அம்மா அப்பா வைத்த பேர் அல்ல. என் மாமியாராக வரப்போகிறவரும் அவர் பக்கத்து ஆட்கள் நாலைந்து பேரும் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். முன்னறையில் ஒரு ஆண்குரல் கேட்டது.

"எல்லாரும் வந்தாச்சு. பொணம் எங்க?"

"பொணம் வேலைக்குப் போயிருக்கு. நாலு மணி ஆனதும் நேரா இங்க வந்துடும்." இது என் வீட்டுக்காரராக வரப்போகிறவரின் குரல்.

"வந்தா டீ குடிக்குமா?"

"ரெண்டு குடிக்கும்."

கையிலிருந்த டம்ளர் நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. எந்தக் குடும்பத்தில் என்னைத் தள்ளிவிடப் பார்க்கிறீர்கள் என்பதுபோல அம்மாவைப் பார்த்தேன். அம்மாவும் முழித்தாள். நாலேகாலுக்கு வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒல்லியாக ஒருவர் உள்ளே வந்தார். முழுக்கைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா, படிய வாரிய தலை. "மன்னிக்கணும், இன்னைக்கு கொஞ்சம் லேட்டா செத்தேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சொன்னபடியே இரண்டு டீ குடித்தார்.

அவர் ரேடியோ நாடகக்காரர். என் மாமியாரின் கூடப்பிறந்த அக்கா மகன். என் வீட்டுக்காரருக்கு ஐந்து வயது மூத்தவர். எனக்கு அத்தான் முறை. அவருடைய அம்மாவை நான் பெரியத்தை என்று கூப்பிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் மாடியிலும் நாங்கள் கீழேயும் ஒரே வீட்டில் இருபத்திரண்டு வருஷம் குடியிருந்தோம். பெரியத்தைக்கு அவர் மூன்றாவது பிள்ளை. முதல் பிள்ளை பதினோரு மாதத்தில் போய்விட்டது, இரண்டாவது நாற்பதாவது நாளில். பெரியத்தை வாயால் இதை நான் கேட்டதில்லை, என் மாமியார்தான் சொன்னார். பின்னால் நடந்தது புரிய வேண்டுமானால் இது தெரிந்திருக்க வேண்டும், அதனால் சொல்லிவிட்டேன்.

பொணம் என்ற பேர் மட்டும் பெரியத்தை காதில் விழவே கூடாது. அது எங்கள் குடும்பத்தில் எழுதாத சட்டம். விழுந்தால் சொன்னவன் அன்றைக்கு மாடியில் கை நனைக்க முடியாது.

அத்தான் பதினாறு வயதில் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய அப்பா அதற்கு முந்தின வருஷம் இறந்துபோயிருந்தார். வேலை என்னவென்றால், புரூஃப் திருத்துகிறவருக்கு எதிரே உட்கார்ந்து கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிக்க வேண்டும். அவர் அச்சடித்த தாளோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பார். கமா, முற்றுப்புள்ளி, பத்தி முடிவு எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஏல நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீசாவுக்குள் வைக்கும் பொடி எழுத்துக் காகிதம் என்று எதுவானாலும் ஒரே குரல்தான். எட்டு வருஷம் இப்படிப் படித்ததில் அவர் குரலில் உப்பும் இல்லை, காரமும் இல்லை என்றாகிவிட்டது. வீட்டில் பேசினாலும் யாரோ எழுதிக்கொள்வதற்காகச் சொல்வதுபோலத்தான் இருக்கும்.

அந்தக் குரலைத்தான் ரேடியோ நிலையத்து நாடக டைரக்டர் பிடித்துக்கொண்டு போனார். நிகழ்ச்சி நிரல் அச்சடிக்க வந்தவர், மறுபக்க அறையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு அரைமணி நேரம் நின்றாராம். அவருக்கு அங்கே ஒரு தலைவலி. நாடகத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் மேடையில் பழகியவர்கள். கடைசி வரிசைக்குக் கேட்கும்படி அழுவார்கள், கூரை அதிரும்படி சாவார்கள். மைக்கோ மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. கேட்கிறவர்கள் பயந்துபோய்ச் சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்கள் என்று புகார்.

அந்த டைரக்டருக்குச் செகண்டு என்று பேர். கழுத்தில் எந்நேரமும் ஒரு கடிகாரம் தொங்கும். யார் எத்தனை செகண்டு பேசினார்கள் என்பதுதான் அவர் கண்ணில் படும். அத்தானைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அத்தான் பழக்கதோஷத்தில், "நான் வருகிறேன் கமா குழந்தைகளைப் பார்த்துக்கொள் முற்றுப்புள்ளி" என்று படித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். செகண்டு மட்டும் சிரிக்கவில்லை. "கமாவை மட்டும் வீட்டுல வச்சுட்டு நாளைக்கு வா" என்றாராம்.

மூன்று மாதம் "ஐயா, கடிதம்," "யாரது?" என்ற மாதிரி வேஷங்கள்தான். ஒரு ஞாயிறு, சாக வேண்டிய நடிகர் வரவில்லை. நாடகம் மூன்று மணிக்கு நேரடியாகப் போகிறது, இரண்டரைக்குத்தான் தெரிகிறது. செகண்டு அத்தான் கையில் தாளைத் திணித்தார். எப்படிச் சாவது என்று அத்தானுக்குத் தெரியவில்லை. அவர் கண்ணால் பார்த்த சாவு ஒன்றுதான், அவர் அப்பாவுடையது. அந்த மனுஷர் பெரிதாக ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை. பின்கதவைச் சாத்தியாச்சா என்று கேட்க வாயெடுத்தார், பாதியில் நின்றது. அப்புறம் மூன்று மூச்சு. முதலாவது நீளமாக, அடுத்தது அதில் பாதி, மூன்றாவது உள்ளே போனது, வெளியே வரவில்லை. அத்தான் கண்ணை மூடிக்கொண்டு அதை அப்படியே மைக்கில் விட்டார்.

செகண்டு அன்றைக்குக் கடிகாரத்தை நிறுத்த மறந்துவிட்டாராம். சத்தம் போடும் ஆள் ஒருவர் ஸ்டூடியோவில் இருந்தார். கதவு சாத்துவது, மழை பெய்ய வைப்பது, இரண்டு கொட்டாங்கச்சியைத் தட்டிக் குதிரையை ஓட்டுவது எல்லாம் அவர் வேலை. அவரைக் குதிரை என்றுதான் கூப்பிடுவார்கள். நாடகம் முடிந்ததும் குதிரை கிட்டே வந்து அத்தானின் கையைத் தொட்டுப் பார்த்து, "சூடா இருக்கே, நான் பொணம்னே நெனச்சுட்டேன்" என்றார். பேர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான்.

தனக்கும் ஒரு சின்ன வேஷம் உண்டு என்று அத்தான் தெருவெல்லாம் சொல்லிவைத்துவிட்டுப் போயிருந்தார். அதனால் பெரியத்தை வீட்டில் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் பெருமையாக வீட்டுக்கு வந்தபோது அவர்களில் ஒருவரும் இல்லை. பெரியத்தை சமையலறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"எங்கேருந்து எடுத்த அதை?"

"எதைம்மா?"

"தெரியாத மாதிரி கேக்காத. அது உங்கப்பா மூச்சு. பக்கத்துல உக்காந்து கேட்டவ நான்."

"நடிப்புதானேம்மா."

"நடிப்புன்னு எனக்குத் தெரியுது. வயித்துக்குத் தெரியல. மூணு பெத்தேன், நீ ஒருத்தன்தான் மிச்சம். உன் வாயால அதை இன்னொரு தடவை நான் கேக்கக் கூடாது."

அத்தான் சரி என்று சொல்லிவிட்டார். அம்மா பேச்சைத் தட்டாதவர். ஆனால் அடுத்த வாரமே செகண்டு இன்னொரு சாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். மாட்டேன் என்றதும், "யோவ், நாலு பேரை வச்சுத் தேடியும் கிடைக்காதது உன்கிட்ட தானா வந்திருக்கு. இதை விட்டா உனக்கு அந்த அச்சாபீஸ் நாற்காலிதான்" என்றார். அது உண்மைதான். எட்டு வருஷத்தில் அச்சகத்தில் ஒருவரும் அவரை நன்றாகப் படித்தாய் என்று சொன்னதில்லை. இங்கே ஒரே நாளில் ஒரு கூட்டமே சொல்லியிருந்தது. அம்மாவா, மைக்கா என்று தெரியாமல் அவர் ஒரு வாரம் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாராம்.

கடைசியில் செகண்டே வீட்டுக்கு வந்துவிட்டார். பெரியத்தை நாற்காலி போட்டார், டீ கொடுத்தார், இறங்கிவர மட்டும் மாட்டேன் என்றார்.

"அம்மா, செத்தாலும் அடுத்த நிமிஷம் உங்க பிள்ளை எழுந்து டீ குடிக்கப் போயிடறார். நான் பாக்கறேன்."

"நீங்க பாக்கறீங்க. நான் பாக்கலையே. வீடு வந்து சேர ரெண்டு மணி நேரம் ஆவுது. அந்த ரெண்டு மணி நேரம் நான் யாரு? பிள்ளையைப் பறிகொடுத்தவ."

செகண்டு கடிகாரத்தைத் தடவினார். "செத்த உடனே அவர் குரல் கேட்டா?"

"உடனேன்னா?"

"அரை நிமிஷத்துல."

பெரியத்தை யோசித்தார். "அரை நிமிஷம் பொறுத்துக்கறேன்" என்றார்.

நாடகம் முடிந்ததும் நடித்தவர்கள் பேரை அறிவிப்பாளர் வாசிப்பதுதான் எந்த நிலையத்திலும் வழக்கம். எங்கள் நிலையத்தில் மட்டும் அன்று முதல் செத்தவரே வாசித்தார். "இந்த நாடகத்தில் பங்கு பெற்றவர்கள்" என்று தொடங்கி, எல்லார் பேரையும் சொல்லிக் கடைசியில் தன் பேரைச் சொல்வார். நேயர்களிடமிருந்து கடிதம் வந்தது. இப்போதுதான் அழுது முடித்தோம், கண்ணைத் துடைப்பதற்குள் அதே ஆள் வந்து கணீரென்று பேசுகிறாரே, இது நியாயமா என்று கேட்டிருந்தார்கள். செகண்டு பதில் போடவில்லை.

அப்படி அவர் வருஷத்துக்கு முப்பது முப்பத்தைந்து தடவை செத்தார். அச்சக வேலையை விட்டுவிட்டு நிலையத்திலேயே நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டார். நான் ஒருமுறை ஸ்டூடியோவுக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். சுவரெல்லாம் ஓட்டை ஓட்டையாக அட்டை, தரையில் கனத்த கம்பளம், நடுவில் ஒரே ஒரு மைக். எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு வட்டமாக நின்றார்கள். படித்து முடித்த தாளைச் சத்தமில்லாமல் கம்பளத்தில் நழுவவிட்டார்கள். படுத்துக்கொண்டு சாவார் என்று நினைத்துப் போயிருந்தேன். நின்றுகொண்டேதான். கண்ணை மூடி, முகவாயை விரற்கடை விரற்கடையாக மைக்கைவிட்டு நகர்த்துவார், அவ்வளவுதான். முங்கிச் சாவதென்றால் குதிரை ஒரு வாளியில் கையை விட்டு அளாவுவார். அத்தான் சட்டையில் ஒரு சொட்டு படாது.

என் ஓரகத்தியும் அங்கேதான் கிடைத்தாள். அவள் நிலையத்தில் அழும் வேஷக்காரி. மனைவி, அக்கா, தங்கை, ஒருமுறை அம்மாகூட, யாராக நின்றாலும் கடைசியில் அத்தானுக்காக அழ வேண்டியது அவள்தான். "நாப்பது தடவை இந்த மனுஷனுக்காக அழுதேன். அதுக்கப்புறம்தான் கட்டிக்கலாமான்னு கேட்டாரு. கேக்கறதுக்கு முன்னாடி செகண்டு சார்கிட்ட நேரம் வாங்கிட்டு வந்திருப்பாருன்னு நெனக்கிறேன்" என்று சொல்லிச் சிரிப்பாள். பெரியத்தைக்கு அவளைப் பிடித்திருந்தது. ஒரே ஒரு குறைதான். "எல்லாம் சரி, இவ அழுதா நிஜமாட்டம் இருக்கு" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டரைக்கே நான் மாடிக்குப் போய்விடுவேன். என் வீட்டுக்காரர் கீழே குறட்டை விடுவார். மாடி முன்னறையில் ஜன்னலோரம் மர ரேடியோ இருந்தது. சூடாக ஒரு நிமிஷம் ஆகும். பெரியத்தை பக்கத்தில் உட்காராமல், முதுகைக் காட்டிக்கொண்டு ஏதாவது துணியை மடித்துக்கொண்டிருப்பார். அத்தானுக்குச் சாவு நெருங்கும்போது மடித்த துணியையே பிரித்துத் திரும்ப மடிப்பார். மூன்றாவது மூச்சுக்கு அப்புறம் கை நின்றுவிடும். ஓரகத்தியின் அழுகை, அதன்மேல் ஒரு துண்டு சங்கீதம், அப்புறம் "பங்கு பெற்றவர்கள்" என்று அத்தான் குரல். "சரி, டீ போடு" என்பார். எனக்குத் தெரிந்து ஒன்பது வருஷம், அவர் செத்த ஒரு வாரம்கூட இது தவறவில்லை.

தவறிய அன்று நாடகம் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டரைப் பற்றியது. மகன் வருவான் வருவான் என்று படுக்கையில் கிடக்கிறவர். ஓரகத்தி மனைவி வேஷம். அன்றைக்கு அவள் எப்போதையும்விட நன்றாகச் செய்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற அழுகை. அதைக் கேட்டு அத்தானுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. வழக்கமான மூன்று மூச்சோடு நிறுத்தவில்லை. நாலு, ஐந்து என்று இழுத்துக்கொண்டே போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செகண்டு விரலைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டியிருக்கிறார். சீக்கிரம் முடி என்று அர்த்தம். அத்தான் கண்ணை மூடித்தானே சாவார்? எங்கே பார்ப்பது? குதிரை ஒரு கையில் கதவுப் பலகையைப் பிடித்துக்கொண்டே எட்டி வந்து அத்தானின் காலை மிதித்தார். அந்த வலியில் அத்தானுக்கு ஒரு விக்கல் வந்தது. அந்த விக்கலைப் பற்றி ஊர் ஒரு மாதம் பேசியது. அதற்கப்புறமும் இரண்டு மூச்சு விட்டுவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார். திறந்தபோது சுவர்க் கடிகாரத்தில் நாலு மணி. செய்தி வேறு ஊரிலிருந்து வருவது, அது யாருக்காகவும் காத்திருக்காது. அழுகையைப் பாதியில் வெட்டிக்கொண்டு செய்தி வந்துவிட்டது.

மாடியில் பெரியத்தை திரும்பி ரேடியோவைப் பார்த்தார்.

"பேரு வரலையே."

"நேரம் பத்தலையோ என்னவோ, அத்தை."

"நேரம் பத்தலைன்னா பாட்டைக் குறைப்பாங்க. ஒன்பது மூச்சு விட்டான். அவன் அப்படி விடமாட்டான். அது நடிப்பில்ல."

"விக்கல்கூட வந்துச்சே, எவ்வளவு நல்லா..."

"அதைத்தான் நானும் சொல்றேன். எம்பிள்ளைக்கு விக்க வராது. உள்ள ஏதோ ஆயிடுச்சு."

வீட்டில் போன் கிடையாது. தெருக்கோடி மருந்துக்கடையில்தான். "நீங்க இங்கேயே உக்காருங்க, நான் போய் பேசிட்டு ஓடியாரேன்" என்று சொல்லிவிட்டு நான் இறங்கி ஓடினேன். மருந்துக்கடைக்காரர் நிலையத்து எண்ணைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்; லைன் கிடைக்கவில்லை. காரணம் அப்புறம்தான் தெரிந்தது. அங்கே அத்தான் செருப்புக்கூடப் போடாமல் ஆபீசுக்கு ஓடி, அதே போனை எடுத்து, இதே மருந்துக்கடைக்கு அடித்துக்கொண்டிருந்தார். அவர் எங்களைக் கூப்பிட, நாங்கள் அவரைக் கூப்பிட, இரண்டு பக்கமும் லைன் வேலையாக இருக்கிறது என்றே வந்துகொண்டிருந்தது. ஒருவர் வைத்திருந்தால் மற்றவருக்குக் கிடைத்திருக்கும். இரண்டு பேருமே வைக்கவில்லை.

பெரியத்தை உட்காரவில்லை. கண்ணாடியும் போடாமல் நிலையத்துக்குப் போகப் படியிறங்கிவிட்டார். மொத்தம் பதிமூன்று படி. நாலாவது படியில் கால் தவறிக் கீழே வரை வந்துவிட்டார். நான் திரும்பி வந்தபோது என் வீட்டுக்காரர் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடுப்பெலும்பு.

ஆஸ்பத்திரிக்கு அத்தான் வந்தபோது மணி ஆறு. காலில் செருப்பு இல்லை, பின்னால் ஓரகத்தி இரண்டு பேர் செருப்பையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். பெரியத்தை கையை நீட்டி அத்தானின் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். அப்புறம் அதே கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டார். பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தாறு வயது ஆள், வாங்கிக்கொண்டு நின்றார்.

மறுநாள் செகண்டிடம் போய், "இனிமே நான் சாகறதா இல்ல சார்" என்றார்.

"நடந்தது என் தப்பும்தான். ஒரு நிமிஷம் முன்னாடியே முடிக்கற மாதிரி எழுதச் சொல்றேன்."

"எழுதினாலும் நான் கண்ணை மூடித்தான் சாவேன். கண்ணைத் திறந்துட்டு எனக்கு வராது. வேற ஆளைப் பாருங்க."

செகண்டு நல்லவர், வேலையைவிட்டு அனுப்பவில்லை. உயிரோடு இருக்கிற வேஷமாகக் கொடுத்துப் பார்த்தார். அது எடுபடவில்லை. அத்தான் கடைக்காரராக வந்து "என்ன வேணும்?" என்று கேட்டாலே ஜனங்கள் இவர் எப்போது சாவார் என்று காத்திருந்தார்கள். கல்யாண மாப்பிள்ளையின் சித்தப்பாவாக ஒரு வேடிக்கை நாடகத்தில் வந்தார். ஒரு அம்மாள் கடிதம் எழுதியிருந்தார்: சித்தப்பா குரல் கேட்டதுமே என் கணவர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார், கடைசிவரை வைத்திருந்தும் உபயோகமில்லை. அதற்கப்புறம் அவரை நாடகப் பக்கமே வைக்கவில்லை. வானிலை வாசித்தார். காணாமல் போனவர்களின் அடையாளம் வாசித்தார். ரயில் நேர மாற்றம் வாசித்தார். அச்சகத்தில் படித்த அதே குரல்.

வீட்டில் முகம் கொடுத்துப் பேசமாட்டார். பெரியத்தைக்கு அவர்தான் எல்லாம் செய்தார். தூக்கி உட்காரவைப்பது, துடைத்துவிடுவது, தலை வாருவதுகூட. ஓரகத்தி, "நான் செய்யறேன், தள்ளுங்க" என்றால், "நான் தள்ளிவிட்டதுதானே" என்பார். எலும்பு கூடியும் பெரியத்தையால் நடக்க முடியவில்லை. இரும்புக் கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்து, கைக்கு எட்டுகிற தூரத்தில் ரேடியோவை வைத்துவிட்டார்கள். ஞாயிறு மூன்று மணி நாடகத்தைப் பெரியத்தை பழக்கத்தில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இப்படி ஒரு வருஷமும் இரண்டு மாதமும் போயிற்று.

அன்றைக்கும் ஞாயிறு. மாடியில் பெரியத்தை, அத்தான், நான் மூன்று பேரும் இருந்தோம். ஓரகத்தி நிலையத்தில். சாகிறதற்குப் புதிதாக ஒரு ஆளைப் போட்டிருந்தார்கள். வக்கீல் ஆபீசில் வேலை பார்ப்பவராம், மேடை நடிகர். அவர் இருமினார். இருமி முடித்து நீளமாக ஒரு வசனம் பேசினார். பேசி முடித்து மறுபடி இருமினார். பெரியத்தை ரேடியோவின் மண்டையில் ஒரு தட்டு தட்டினார்.

"இவன் என்ன பண்றான்?"

"சாகறாரும்மா" என்றார் அத்தான்.

"சளி புடிச்சவன் மாதிரி இருக்கு. ஒரு கஷாயம் குடுத்தா எழுந்து வேலைக்குப் போயிடுவான். இவனுக்காகவா எம்மருமக தொண்டை கிழிய அழுவுறா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அத்தான் சிரிக்கவில்லை. ரேடியோவில் அந்த ஆள் இன்னும் சாகவில்லை.

"டேய், அடுத்த வாரத்துலேருந்து நீ போ."

"எங்கம்மா?"

"எங்கேன்னு கேக்கறான் பாரு. போய்ச் செத்துட்டு வா."

அத்தான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். "வேணாம்மா. நான் செத்தா நீ மறுபடி விழுவ."

"இனி எங்கடா விழறது? படுத்துத்தானே கெடக்கேன்."

"உனக்குத் தாங்காது. நீயே சொன்ன. வயித்துக்குத் தெரியலன்னு."

"இப்பவும்தான் தெரியாது. அது தெரியாமயே இருந்துட்டுப் போவட்டும். பதினாலு மாசமா உன் மூஞ்சியைப் பாத்துட்டு இருக்கேன். மழை வரும், வராதுன்னு நீ வாசிக்கறதைக் கேட்டுட்டு இருக்கேன். அதைக் கேக்கறப்பதான் எனக்கு எம்பிள்ளை போயிட்டான்னு தோணுது."

அத்தான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தோள் மட்டும் ஆடியது. பெரியத்தை என்னைப் பார்த்து, தண்ணி கொண்டா என்று சைகை காட்டினார். நான் கொண்டுவந்து அத்தான் கையில் கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கும்வரை பெரியத்தை காத்திருந்தார்.

"இன்னொண்ணு கேட்டுக்கோ. அன்னைக்கு ஒன்பது மூச்சு விட்ட பாரு, அது தப்பு. உங்கப்பா மூணுதான் விட்டாரு. அதுக்கு மேல இழுத்தா கேக்கறவங்களுக்குப் பயம்தான் வரும், துக்கம் வராது. அந்தப் பேரு வாசிக்கறதும் வேணாம். அது அறிவிப்பாளர் வேலை. செத்தா செத்த மாதிரி இரு."

அடுத்த வாரமே போய்விடவில்லை. அத்தானுக்குத் தைரியம் வரவில்லை. மூன்று ஞாயிறு தள்ளிப்போட்டார். நாலாவது ஞாயிறு காலையில் பெரியத்தை, "நீ போகலைன்னா நான் இன்னைக்குச் சாப்பிடமாட்டேன்" என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டார். அதற்குமேல் அவர் என்ன செய்வார்? சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

நான் இரண்டரைக்கு மாடி ஏறினேன். என் வீட்டுக்காரரையும் எழுப்பிக் கூட்டிப்போனேன், எதற்கும் ஒரு ஆம்பிளை இருக்கட்டும் என்று. பெரியத்தை தலையணை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்து ரேடியோவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். நாடகத்தில் அத்தான் ஒரு படகுக்காரர். சாகும்போது கயிற்றைப் பற்றி ஏதோ கேட்க ஆரம்பித்தார், பாதியில் நின்றது. ஒன்று. அதில் பாதி. மூன்றாவது. பெரியத்தை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். ஐந்து விரலும் பதிந்துவிட்டது. ஓரகத்தி அழுதாள். சங்கீதம் வந்தது. அறிவிப்பாளர் பேர்களை வாசித்தார். செய்தி வந்தது. பெரியத்தை பிடியை விடவில்லை. ஆனால் எதுவும் கேட்கவும் இல்லை. ஐந்தே முக்காலுக்கு வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டது. அதுவரைக்கும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார்.

அத்தான் படியேறி வந்து கதவருகில் நின்றார். "எப்படிம்மா இருந்தது?"

"ரெண்டாவது மூச்சு கொஞ்சம் நீளம்" என்றார் பெரியத்தை.

அதிலிருந்து ஒவ்வொரு வாரமும் இந்தப் பாடம் நடந்தது. இரண்டாவது நீளம், மூன்றாவது சத்தம், குரலில் பசி தெரிகிறது, சாப்பிட்டுவிட்டுப் போ. செகண்டுகூட ஒருமுறை வந்து கட்டிலருகில் உட்கார்ந்து, ஒரு நாடகத்தில் ஆள் கத்திக்குத்து பட்டுச் சாகலாமா, காய்ச்சலில் சாகலாமா என்று கேட்டுவிட்டுப் போனார். காய்ச்சல் என்று சொன்னார் பெரியத்தை. கத்தி என்றால் குதிரை பாத்திரத்தை உருட்டிக் கெடுத்துவிடுவார் என்பது அவர் எண்ணம்.

மூன்று வருஷம் கழித்து ஒரு புதன்கிழமை முற்பகலில் பெரியத்தை போய்விட்டார். அத்தான் பக்கத்தில் இருந்தார். அதைப் பற்றி அவர் ஒருவரிடமும் பேசியதில்லை. அந்த மாதம் மட்டும் விடுப்பு எடுத்தார். அப்புறம் இன்னும் பதினோரு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் செத்தார். முதலில் நேரடியாக, பிறகு நாடாவில் பதிவு செய்து. பதிவானதைத் தன் வீட்டில் உட்கார்ந்து கேட்க அவர் சம்மதிக்கவில்லை. அந்த நேரத்தில் கீழே வந்து எங்களோடு டீ குடிப்பார். நாடகப் பிரிவை மூடியபோது அவரை விளம்பரப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு வருஷம் சோப்புக்கும் பெயிண்டுக்கும் குரல் கொடுத்துவிட்டு முன்கூட்டியே ஓய்வுபெற்றார். செகண்டும் குதிரையும் முன்பின்னாகப் போய்ச் சேர்ந்தார்கள். ஓரகத்தி போய் ஆறு வருஷம் ஆகிறது.

அத்தான் இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். நாலாவது மாடி, லிஃப்ட் உண்டு. எண்பத்தெட்டு நடக்கிறது, இடது காது கேட்காது, சர்க்கரை இல்லை. போன மாதம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.